பயணச்சீட்டா, பங்கா?

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஒசூர்த் தொழிற்பேட்டையை ஒட்டிய நம் பங்கில் இரண்டாம் திருப்பலி முடிந்து மக்கள் கலைந்துகொண்டிருந்தனர். கோயில் முற்றத்து வேப்பமரத்தடியில் ஓர் இளைஞன் தயங்கி நின்றான். வயது இருபத்திரண்டுக்கு மேல் இராது. கழுத்தில் செபமாலை, வலக்கையில் பெரிய கட்டு. ஜார்க்கண்டு மாநிலம் சிம்டேகா மாவட்டத்தைச் சேர்ந்தவன். ஒப்பந்தக்காரர் ஒருவர் அழைத்துவர, சிறு ஆலையொன்றில் பிரஸ் இயந்திரத்தில் வேலை பார்த்தவன். அந்த இயந்திரம் அவனுடைய மூன்று விரல்களைக் கொண்டுபோயிற்று. மருத்துவமனைச் செலவைக் கட்டி, கையில் சிறு தொகையையும் திணித்து, இனி வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார் ஒப்பந்தக்காரர்.

நாம் கல்நெஞ்சர் அல்லர். அன்றே துண்டேந்தினோம். ஐயாயிரம் ரூபாய்க்கு மேல் சேர்ந்தது. புதுச்சட்டை ஒன்று எடுத்துக் கொடுத்தோம். பெங்களூரிலிருந்து ஹட்டியா செல்லும் தொடர்வண்டிக்குப் பயணச்சீட்டு வாங்கினோம். வழியில் உண்ணப் புளிச்சோறு கட்டிக் கொடுத்தார்கள் நம் வீட்டுப் பெண்கள். புறப்படும்முன் அவன் கேட்டான்: “அண்ணா, இந்தக் கையை வைத்துக்கொண்டு ஊரில் போய் நான் என்ன செய்வேன்? இங்கேயே ஏதாவது வேலை கிடைக்காதா?” நம்மில் மூத்தவர் ஒருவர் அவன் தோளைத் தட்டி, “தம்பி, ஆண்டவர் வழிகாட்டுவார்” என்றார். அடுத்த ஞாயிறு அறிவிப்பில் நம் இரக்கச் செயல் பாராட்டப்பெற்றது. நாமும் மனநிறைவோடு வீடு திரும்பினோம்.

அந்த மனநிறைவைத்தான் இங்கே குற்றக்கூண்டில் ஏற்ற விரும்புகிறோம். வாழ்வு சிதைந்த ஒருவன் தன் வாழ்வை மீண்டும் கட்டியெழுப்பத் துணைநிற்பது வேறு. அவன் துயரம் நம் கண்ணில் படாதவாறு ஆயிரம் கல் தொலைவுக்கு அனுப்பிவைப்பது வேறு. நாம் செய்தது இரண்டாவது. அதற்கு அன்பு என்று பெயர் சூட்டிக்கொண்டோம்.

இரக்கத்தின் கணக்கு

அன்று நம்மில் பலருக்குத் தெரியாமலும், சிலருக்குத் தெரிந்தும் சொல்லப்படாமலும் போனது ஒன்றுண்டு. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிறந்தது ஈ.எஸ்.ஐ. காப்பீடு. நோய்க்கு உதவித்தொகை பெற இத்தனை நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்று அது நிபந்தனை விதிக்கும். ஆனால் வேலையில் நேரும் விபத்துக்கு அத்தகைய நிபந்தனை ஏதும் கிடையாது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே கை போனாலும் உரிமை உண்டு. வேலை செய்ய இயலாத காலத்துக்கு ஊதியத்தில் 90 விழுக்காடு. ஊனம் நிலைத்துவிட்டால், மருத்துவக் குழு கணிக்கும் இழப்பின் அளவுக்கேற்ப வாழ்நாள் முழுவதும் உதவித்தொகை. ஆலை அத்திட்டத்துக்கு வெளியே இருந்தாலும், பணியிடை விபத்துக்கு இழப்பீடு கோரும் வழி 1923 முதலே இந்நாட்டுச் சட்டத்தில் இருந்துவருகிறது.

இன்னும் ஒன்று. மாநிலம் விட்டு மாநிலம் ஒப்பந்தக்காரரால் அழைத்துவரப்படும் தொழிலாளிக்குப் போகவரப் பயணச் செலவு தருவது ஒப்பந்தக்காரரின் கடமை என்று 1979ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. தகுந்த தங்குமிடம் தரவேண்டும் என்றும் அதே சட்டம் சொல்லிற்று. அதனை உள்ளடக்கி 2020இல் இயற்றப்பட்ட தொகுப்புச் சட்டமும் பயணப்படியை விட்டுவிடவில்லை. ஆக, நாம் உண்டியல் குலுக்கி வாங்கித் தந்த அந்தப் பயணச்சீட்டுக்கூட வேறொருவர் அவனுக்குப் பட்டிருந்த கடன். கடன்காரரைத் தப்பவிட்டுவிட்டு, உரியவனைப் பிச்சைக்காரனாக்கி அனுப்பினோம்.

நமக்கு எப்படித் தெரியும் என்று கேட்க இடமில்லை. நம் பங்கில் முப்பதாண்டுகள் ஆலைகளில் உழைத்து ஓய்வுபெற்றோர் எத்தனை பேர்! தொழிற்சங்கத்தில் பொறுப்பு வகித்தோர், நிர்வாகத்தோடு பேச்சுவார்த்தை மேசையில் அமர்ந்தோர், விபத்து அறிக்கை என்றால் என்ன, எந்தப் படிவத்தை எந்த அலுவலகத்தில் கொடுக்க வேண்டும் என்பதையெல்லாம் உறக்கத்திலும் சொல்லக்கூடியோர் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களுள் ஒருவர் அந்த இளைஞனோடு நான்கு முறை அலுவலகப் படியேறியிருந்தால் போதும். அதற்குத் தேவைப்பட்டது பணமன்று, நான்கு முற்பகல்கள். பணத்தைக் கொடுத்தோம், பொழுதைக் கொடுக்கவில்லை. பணம் கொடுத்தால் உறவு அத்தோடு முடிந்துவிடும். பொழுதைக் கொடுத்தால் உறவு தொடங்கிவிடும். நாம் அஞ்சியது அந்தத் தொடக்கத்துக்குத்தான்.

அவர்கள் யார்?

“இந்திக்காரர்கள்” என்று ஒரே சொல்லில் அவர்களை அடைத்துவிடுகிறோம். ஒசூர், பேகேப்பள்ளி, மூக்கண்டப்பள்ளி, சூளகிரி, கெலமங்கலம் என எங்கு திரும்பினும் காணும் அம்முகங்களுள் ஒடியர், பீகாரியர், அசாமியர், வங்காளியர் எனப் பலர் உண்டு. ஜார்க்கண்டுப் பழங்குடியினரும் உண்டு. 2022 நவம்பரில், ஒசூரை அடுத்து எழுந்துகொண்டிருந்த கைபேசித் தொழிற்சாலையைப் பற்றிப் பேசிய மத்திய அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ், அங்கு அமையவிருந்த அறுபதாயிரம் பணியிடங்களில் முதல் ஆறாயிரம் பேர் ராஞ்சி, ஹசாரிபாக் பகுதிகளைச் சேர்ந்த பழங்குடிப் பெண்களே என்று பெருமையோடு குறிப்பிட்டார். அந்தப் பெண்கள் நம் பேருந்துகளில் அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போய்வருவதை நாமும் பார்த்திருக்கிறோம். அவர்களுள் எத்தனை பேர் திருமுழுக்குப் பெற்றவர்கள் என்று ஒருநாளேனும் கேட்டிருக்கிறோமா?

கேட்டிருந்தால் வியந்திருப்போம். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி சிம்டேகா மாவட்ட மக்களுள் பாதிக்கும் சற்று மேற்பட்டோர் கிறித்தவர். ஆசியப் பழங்குடியினரிலிருந்து முதன்முதலாகக் கர்தினாலாக உயர்த்தப்பட்டவர், ஒராவோன் இனத்தவரான டெலஸ்போர் டோப்போ. 2023இல் மறைந்த அவர் ராஞ்சிப் பேராயராக இருந்தவர். அந்த ஒராவோன் மக்கள் பேசும் குடுக்கு மொழி எக்குடும்பத்தைச் சேர்ந்தது? திராவிடக் குடும்பத்தை! கால்டுவெல் தம் ஒப்பிலக்கணத்தில் தமிழோடு உறவுபடுத்திப் பேசிய மொழிகளுள் அதுவும் ஒன்று. நம் பல் அவர்களுக்கும் பல்தான். அவர்கள் கண்ணைச் சுட்டும் சொல்லும் நம் கண்ணுக்கு உடன்பிறப்பே. மொழியால் நம் தூரத்து உறவினரை, வழிபாட்டால் நம் உடன்பிறந்தோரை, “இந்திக்காரன்” என்ற சொல்லால் அயலாராக்கி வைத்திருக்கிறோம்.

அவர்கள் ஏன் ஊரை விட்டு வருகிறார்கள்? நாம் பயணச்சீட்டு வாங்கித் தந்த அந்த ஹட்டியாவையே பாருங்கள். ராஞ்சியை ஒட்டிய அவ்விடத்தில் 1958இல் நிறுவப்பட்ட கனரகப் பொறியியல் கழகத்துக்காகப் பழங்குடியினர் ஊர்கள் அகற்றப்பட்டன. நாட்டின் இரும்பும் நிலக்கரியும் அவர்கள் காலடி மண்ணிலிருந்து எடுக்கப்பட்டன; அவர்களோ அசாம் தேயிலைத் தோட்டங்கள் முதல் அந்தமான் காடுகள் வரை கூலிகளாகச் சிதறினர். இன்று அவர்தம் பேரப்பிள்ளைகள் ஒசூருக்கு வருகிறார்கள். சொந்த மண்ணிலேயே ஒருமுறை அயலாராக்கப்பட்டவரை நாம் இரண்டாம் முறை அயலாராக்குகிறோம்.

அவர்கள் நம்பிக்கை பெற்ற வரலாறும் நம்மை நாணச் செய்வது. 1885இல் சோட்டாநாக்பூரின் தோர்பா என்னும் ஊருக்கு வந்தார் பெல்ஜிய இயேசுசபைத் துறவி கான்ஸ்டன்ட் லீவன்ஸ். நிலக்கிழார்களின் பொய்வழக்குகளாலும் அடாத வாடகையாலும் கட்டாய உழைப்பாலும் நிலத்தைப் பறிகொடுத்துக்கொண்டிருந்த மக்களைக் கண்டார். நிலச்சட்டங்களைக் கற்றார், அவர்கள் வழக்கைத் தம் வழக்காக்கிக்கொண்டார். தம்மோடு நின்றவரின் கடவுளை அறிய மக்கள் ஆயிரக்கணக்கில் வந்தனர். அவருக்குப் பின் வந்த ஜான் பாப்டிஸ்ட் ஹாப்மன், பழங்குடியினர் நிலத்தைக் காக்க 1908இல் பிறந்த சோட்டாநாக்பூர்க் குத்தகைச் சட்டத்தின் ஆக்கத்தில் பங்கு கொண்டார். மறு ஆண்டே கத்தோலிக்கக் கூட்டுறவுக் கடன் சங்கத்தைத் தொடங்கினார். மொழி தெரியாத, நிறம் வேறான அயல்நாட்டார் அவர்கள். அம்மக்களுக்கு அவர்கள் பயணச்சீட்டு வாங்கித் தரவில்லை. வழக்கு மன்றத்துக்குத் துணை போனார்கள். அந்த இளைஞனின் கழுத்துச் செபமாலை அப்படி வந்தது. நம்மிடம் வந்தபோது அது அவனுக்கு ஒரு வேளைப் புளிச்சோறு பெற்றுத் தந்தது.

நாம் யார்?

நாம் மட்டும் இம்மண்ணில் முளைத்தவர்களா? தளியை அடுத்த மதகொண்டப்பள்ளி, கிருஷ்ணகிரியை அடுத்த எலத்தகிரி போன்ற பழைய கத்தோலிக்க ஊர்களைச் சேர்ந்தோரை விட்டுவிடுவோம். ஒசூர்த் தொழிற்பேட்டைப் பங்குகளில் இன்று முன்வரிசையில் அமரும் நம்மில் பலர் எப்போது வந்தோம்? எழுபதுகளில் சிப்காட் எழுந்தபின், 1980இல் அசோக் லேலண்டு போன்ற ஆலைகள் வந்தபின், குமரி, நெல்லை, திருச்சி, தஞ்சை, வடாற்காடு என நாற்றிசையிலிருந்தும் தகரப் பெட்டியோடு வந்தவர்கள். வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் மண்ணின் மக்கள் நம்மை ஏற்றனர். வாடகைக்கு வீடு தந்தனர். நாம் வந்தபோது சேலம் மறைமாவட்டமாக இருந்த இப்பகுதி 1997இல் தருமபுரி மறைமாவட்டமாயிற்று. வந்தேறிகளான நாமே அதன் பேரவைகளில் அமர்ந்தோம். எவரும் நமக்கு ஊர்திரும்பச் சீட்டு வாங்கித் தரவில்லை.

எல்லைக்கு அப்பாலும் பார்ப்போம். கோலார் தங்கவயலின் ஆழத்தில் இறங்கி உழைத்தவர்கள் தமிழர். 2001இல் சுரங்கம் மூடப்பட்டபின் பெங்களூருக்கு நாள்தோறும் தொடர்வண்டி ஏறியவர்களும் அவர்களே. காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால ஆணை அரசிதழில் வெளியான 1991 டிசம்பரில் பெங்களூரில் தமிழர் தாக்கப்பட்டனர். மூட்டை முடிச்சுகளோடு, கைக்குழந்தைகளோடு ஆயிரக்கணக்கானோர் எல்லை தாண்டித் தமிழகம் வந்தனர். 2016 செப்டம்பரில் மீண்டும் பேருந்துகள் எரிந்தன. அத்திப்பள்ளியிலிருந்து சூசூவாடி வரை தலைச்சுமையோடு மக்கள் நடந்தனர். அந்தச் சாலையைக் கண்ணாரக் கண்டவர்கள் நாம். பிழைக்கப் போன ஊரில் மொழியைக் காட்டி விரட்டப்படுவதன் வலி எத்தகையது என்று நமக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

திருச்சபைக்குள்ளேயே நாம் பட்டதும் உண்டு. பெங்களூர் மறைமாவட்டத்தில் திருவழிபாட்டு மொழி பற்றிய பூசல் பல்லாண்டுகள் நீடித்தது. தாய்மொழியில் திருப்பலி காணும் உரிமைக்காகத் தமிழ்க் கத்தோலிக்கர் அங்கு மன்றாடினர், போராடினர். அவர்கள் பக்கம் நியாயம் உண்டென்று இங்கிருந்து நாம் பேசினோம். அதே நாம், மாதம் ஒரு திருப்பலியை இந்தியிலோ சாத்ரியிலோ வைக்கலாமே என்று பங்குப் பேரவையில் ஒருவர் எழுந்து கேட்டால், “தமிழ்நாட்டில் தமிழில் போதும்” என்கிறோம். ஓர் எல்லைக் கல்லைக் கடந்ததும் நம் நீதி மாறிவிடுகிறதா? புறநானூற்றுப் பூங்குன்றனாரை மேடைதோறும் முழங்கும் நாம், அவர் பாடலை வெளியூருக்கு மட்டும் ஏற்றுமதி செய்கிறோமா?

சொல்லப்படும் காரணங்கள்

மறுப்போர் சொல்வதைச் செவிமடுக்காமல் கண்டிப்பது முறையன்று. முதலாவதாக, “இவர்கள் குறைந்த கூலிக்கு வருவதால் நம் பிள்ளைகளுக்கு வேலை போகிறது” என்பர். ஒப்பந்தக் கூலி நம் பிள்ளைகளின் நிலையான வேலையை அரித்துவருவது உண்மை. அந்தக் கவலையை எள்ளி நகையாட மாட்டோம். ஆனால் கூலியைக் குறைப்பவர் யார்? குறைந்த கூலியைப் பெறுபவரா, தருபவரா? சட்டம் தெரியாத, சங்கம் இல்லாத, கேட்க ஆளில்லாத தொழிலாளி ஒருவன் இருக்கும்வரை நம் பிள்ளையின் கூலியும் உயராது. அந்தச் சிம்டேகா இளைஞனுக்கு உரியது கிடைத்திருந்தால், அதே இயந்திரத்துக்குப் பாதுகாப்புத் தடுப்பு வந்திருக்கும். அடுத்து அதன்முன் அமரும் தமிழ்ப் பிள்ளையின் விரல்களும் தப்பியிருக்கும்.

இரண்டாவதாக, “இன்று வந்து நாளை போகிறவர்கள், இவர்களுக்கு எதற்குப் பங்கில் இடம்?” என்பர். நாம் இடம் கொடுக்காததனால்தான் அவர்கள் நிலைப்பதில்லை என்று ஒருமுறையேனும் எண்ணிப்பார்த்தோமா? மேலும், எத்தனையோ குடும்பங்கள் பத்தாண்டுகளுக்கு மேல் இங்கு வாழ்கின்றன. பிள்ளைகள் தெருவில் தமிழ் பேசி விளையாடுகின்றன. அப்பிள்ளைகளுக்கு எது ஊர்?

மூன்றாவதாக, “அவர்களால் அச்சம்” என்பர். அச்சம் எவ்வளவு எளிதில் விளைவிக்கப்படுகிறது என்பதை 2023 மார்ச்சில் கண்டோம். தமிழகத்தில் வடமாநிலத்தார் தாக்கப்படுகிறார்கள் என்று பொய்க் காணொளிகள் பரவின, தொழிலாளர்கள் கலங்கினர், பீகாரிலிருந்து அதிகாரிகள் குழு வந்து விசாரித்துச் சென்றது. அவ்வேளையில் அரசு அதிகாரிகள் தொழிலாளர் குடியிருப்புகளுக்குப் போய் ஆறுதல் சொன்னார்கள். அக்குடியிருப்புகளிலிருந்து கூப்பிடு தொலைவில் இருந்த நாம், எத்தனை பேர் கதவைத் தட்டி, “அஞ்சாதீர்கள், நாங்கள் இருக்கிறோம்” என்று சொன்னோம்?

விருந்தினரா, பங்கு மக்களா?

2020இல் பொதுமுடக்கத்தின்போது, பிற மாநிலத் தொழிலாளரை “விருந்தினர் தொழிலாளர்” என்று தமிழக அரசு அழைக்கத் தொடங்கிற்று. அயலார் என்பதைவிட அது கனிவான சொல்லே. எனினும், விருந்தினர்க்கு வீட்டில் உரிமை கிடையாது. வீட்டார் இட்டதை உண்டு, வந்த நாள் முடிந்ததும் எழுந்து போக வேண்டியவர் அவர். பத்தாண்டு உழைத்தபின்னும் ஒருவர் விருந்தினராகவே இருப்பாரெனில், அது விருந்தோம்பலன்று.

அரசின் சொல் எதுவாயினும் ஆகுக. திருச்சபையின் சொல் என்ன? 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தொகுப்பின் 102ஆம் விதியைப் புரட்டிப் பாருங்கள். ஒரு பங்கின் எல்லைக்குள் மூன்று மாதங்கள் உண்மையில் தங்கியவர், அல்லது மூன்று மாதங்களேனும் தங்கும் எண்ணத்தோடு வந்தவர், அங்கே சட்டப்படியான இருப்பிட உரிமை பெறுகிறார். அதன் வழியாக அப்பங்கின் குருவே அவருக்கும் பங்குக்குரு ஆகிறார் என்கிறது 107ஆம் விதி. மொழி கேட்கவில்லை; குடும்ப அட்டை கேட்கவில்லை; நன்கொடைப் பாக்கியைக் கேட்கவில்லை. மூன்றே மாதங்கள்! ஆக, தகரக் கூரையின் கீழ் ஓர் அறையில் எண்மராய் உறங்கும் அந்தக் கத்தோலிக்க இளைஞர்கள் நம் பங்கின் விருந்தினர் அல்லர். நம் பங்கு மக்கள். நாம் ஏற்றுக்கொண்டால்தான் அவர்கள் உறுப்பினர் ஆவர் என்பதில்லை, ஏற்கெனவே உறுப்பினர்தாம். அவர்கள் பெயரை எழுதாமல் வைத்திருப்பது நம் பதிவேட்டின் பிழை.

விவிலியம் இதில் ஐயத்துக்கு இடம் வைக்கவில்லை. எகிப்தில் நீங்களும் அந்நியராய் இருந்தீர்கள் என்பதை நினைவூட்டியே, அந்நியரை ஒடுக்காதீர்கள் என்று விடுதலைப் பயண நூல் கட்டளையிடுகிறது. லேவியர் நூல் ஒருபடி மேலே சென்று, அவரை உங்களுள் பிறந்தவராகவே கொள்ளச் சொல்கிறது. வயலோரக் கதிர்களை ஏழைக்கும் அந்நியருக்கும் விட்டுவைப்பது அங்கே தருமமாக அன்று, சட்டமாகவே சொல்லப்பட்டது. அந்தச் சட்டத்தின்படி கதிர் பொறுக்க வந்தவள்தான் மோவாபியப் பெண் ரூத்து. போவாசு அவளுக்கு ஒரு மூட்டை வாற்கோதுமை கொடுத்ததோடு நின்றிருந்தால் அவர் நல்லவர் என்று மட்டும் பெயர் பெற்றிருப்பார். அவர் நகர வாயிலுக்குச் சென்றார்; மூப்பர்களை அமர்த்தி, அவளுக்குரிய நீதியைச் சட்டப்படி முடித்தார். அந்த அந்நியப் பெண்ணின் மரபில் தாவீது வந்தார். தாவீதின் மரபில் நம் ஆண்டவர் வந்தார்.

1952இல் பன்னிரண்டாம் பயஸ் புலம்பெயர்ந்தோர் குறித்து வெளியிட்ட ஆவணம், நாசரேத்துக் குடும்பம் எகிப்துக்கு ஓடியதையே புலம்பெயர்ந்தோர் அனைவருக்கும் முன்மாதிரியாக வைத்தது. 2025இல் மறைந்த திருத்தந்தை பிரான்சிசு, வரவேற்றல், பாதுகாத்தல், முன்னேற்றுதல், ஒன்றிணைத்தல் என நான்கு வினைகளை நம்முன் வைத்தார். நாம் முதல் வினையின் வாசற்படியிலேயே நின்று, கைகுலுக்கி, வழியனுப்பிவிடுகிறோம். செப்டம்பர் இறுதி ஞாயிறு புலம்பெயர்ந்தோர் உலக நாளாகக் கொண்டாடப்படுகிறது. அன்று நம் மன்றாட்டுகளில் அவர்களுக்காக ஒரு மன்றாட்டு உண்டு. அதை வாசிக்க அவர்களுள் ஒருவர் அழைக்கப்படுவதில்லை.

நம் வீட்டு வாசலில்

இன்னும் நெருங்கிப் பேசுவோம், சிலருக்குக் கசக்கும். தொழிற்பேட்டையைச் சுற்றி எழுந்துள்ள அந்த வரிசை வீடுகளின் உரிமையாளருள் நம்மவர் இல்லையா? இருக்கிறோம். அறைக்கு வாடகை என்பது போய், தலைக்கு இவ்வளவு என்று வாங்குவோர் உண்டு. பத்து அறைக்கு இரண்டு கழிப்பறை கட்டியோர் உண்டு. தண்ணீர் வண்டிக்குத் தனிக்கட்டணம் வாங்குவோர் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, வாடகை ஒப்பந்தம் எழுதித்தர மறுப்போர் உண்டு. எழுதித் தந்தால் என்ன குறைந்துவிடும்? எழுதித் தராவிட்டால் அவர்களுக்கு என்ன குறைகிறது என்று பாருங்கள். முகவரிச் சான்று இல்லை, சான்று இல்லாததால் எரிவாயு இணைப்பு இல்லை, வங்கியில் அலைச்சல், அலுவலகம்தோறும் நீ எங்கிருக்கிறாய் என்ற கேள்வி. எந்த மாநில அட்டையானாலும் எங்கும் உணவுப்பொருள் பெறலாம் என்னும் திட்டத்தில் 2020இல் தமிழகமும் இணைந்தது. அதனை எல்லா மாநிலங்களும் நடைமுறைப்படுத்த வேண்டும் என்று 2021 ஜூனில் உச்சநீதிமன்றமும் ஆணையிட்டது. ஆனால் நியாயவிலைக் கடையில் போய் அதைக் கேட்கும் துணிவு, தன் இருப்பை ஒரு தாளில்கூடக் காட்ட முடியாதவனுக்கு எங்கிருந்து வரும்?

ஞாயிறு காணிக்கைத் தட்டில் நாம் இடும் நோட்டுகளில் அந்தத் தலைக்கணக்கு வாடகையும் கலந்திருக்கிறது. அதை ஆண்டவர் எப்படி ஏற்பார் என்பதை நம் மனச்சான்றிடமே கேட்போம்.

செய்ய வேண்டியவை

செய்ய வேண்டியவை மலையளவு அல்ல. முதற்கண், அன்பியங்கள் தத்தம் எல்லைக்குள் இருக்கும் வரிசை வீடுகளையும் விடுதிகளையும் சென்று காணட்டும். மூன்று மாதம் தங்கிய ஒவ்வொரு கத்தோலிக்கரின் பெயரும் பங்குப் பதிவேட்டில் ஏறட்டும். கத்தோலிக்கர் அல்லாதாரின் துயரையும் அதே கையோடு கேட்டு வரட்டும். நல்ல சமாரியன் அடிபட்டவனின் சமயத்தை விசாரிக்கவில்லை.

அடுத்து, ஓய்வுபெற்ற நம் தொழிலாளர்கள் வாரத்தில் ஒரு மாலை கோயில் வளாகத்தில் ஒரு மேசை போட்டு அமரட்டும். ஊதியப் பாக்கி, விபத்து, ஈ.எஸ்.ஐ., சேமநிதி என எதுவாயினும் கேட்டு, உரிய அலுவலகத்துக்கு உடன் சென்று வரட்டும். மொழிபெயர்க்க நம் கல்லூரிப் பிள்ளைகள் இருக்கிறார்கள். முப்பதாண்டு அனுபவத்தைத் திண்ணைப் பேச்சில் செலவிடுவதைவிட இது மேலன்றோ?

வழிபாட்டுக்கு வருவோம். இரவு முறை முடிந்து வருவோருக்குக் காலைத் திருப்பலி இயலாது. மாலை முறைக்குப் போவோருக்கு மாலைத் திருப்பலி இயலாது. ஆலைச் சங்கின் நேரத்தைக் கேட்டுத் திருப்பலி நேரத்தை வைப்போம். மாதம் ஒருமுறை அவர்கள் மொழியில் பாடட்டும், அவர்கள் மாந்தர் பறையை முழக்கட்டும். அன்று நாமும் உடனிருப்போம். அவர்களைத் தனியே ஒரு நேரத்தில் ஒதுக்கிவைத்துவிட்டு நாம் வீட்டில் இருப்பது ஒன்றிணைத்தலாகாது. பங்குப் பேரவையில் அவர்களுள் ஆண் ஒருவரும் பெண் ஒருவரும் அமரட்டும். அமர்வதோடு நில்லாமல் வாக்களிக்கட்டும். நம் பள்ளிகள் அவர்தம் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிக்கட்டும். வீட்டு உரிமையாளராகிய நம்மவர், அடுத்த மாத வாடகை வாங்கும் முன்னே ஒப்பந்தம் எழுதித் தரட்டும்.

இறுதியாக ஒன்று. ஆபிரகாம் தம் மனைவி சாராவை இழந்தபோது, இத்தியரிடம் சென்று, உங்களிடையே நான் ஓர் அந்நியன், என் இறந்தவளை அடக்கம் செய்ய எனக்கு ஓர் இடம் வேண்டும் என்று கேட்டார். வாக்களிக்கப்பட்ட மண்ணில் அவருக்கு முதலில் உரிமையானது ஒரு கல்லறை நிலமே. ஒரு மண்ணில் நாம் எப்போது சொந்தமாகிறோம்? நம்முடையவர்கள் அதில் உறங்கும்போது. இங்கே இறக்கும் தொழிலாளியின் உடலை எப்படியேனும் ஊருக்கு அனுப்பிவிடவே முனைகிறோம். குடும்பத்தார் அதை விரும்பினால் அவ்வாறே ஆகட்டும். ஆனால் இங்கேயே அடக்கம் செய்ய விழையும் குடும்பத்துக்கு, நம் கல்லறைத் தோட்டத்தில், நம் பெற்றோரின் பக்கத்தில், இடம் உண்டு என்று இன்றே நாம் தீர்மானம் எழுதி வைப்போமா?

பங்கு என்ற சொல்லை நம் முன்னோர் நன்றாகவே தேர்ந்தார்கள். கோயிலும் குருவும் மக்களும் சேர்ந்த சமூகத்துக்கும் அதுவே பெயர். ஒருவர்க்கு உரிமையாய்ச் சேர வேண்டிய பாகத்துக்கும் அதுவே பெயர். தம் பாகத்தைப் பெறாதவர் ஒருவர் இருக்கும்வரை முன்னதற்கு அப்பெயர் பொருந்தாது.

அண்மையில் அந்தச் சிம்டேகா இளைஞனின் நினைவு வந்து, அவன் பெயரையேனும் அறியலாம் என்று ஏடுகளைப் புரட்டினோம். பங்குப் பதிவேட்டில் அவன் பெயர் இல்லை. ஆண்டுக் கணக்கேட்டின் செலவுப் பக்கத்தில் மட்டும் ஒரு வரி இருந்தது: “வடநாட்டு ஏழைக்கு உதவி.” எதிரே தொகை. அவன் பெயரை நாம் கேட்டிருந்தோமா என்பதும் எவருக்கும் நினைவில்லை.

அடுத்த ஞாயிறும் வேப்பமரத்தடியில் யாரோ ஒருவர் தயங்கி நிற்பார். துண்டை விரிக்கும் முன் அவர் பெயரைக் கேட்போம். ஏட்டை எடுத்து எழுதுவோம்.